பன்னிரண்டு பேரின் தொகுதிகள்

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் வென்ற பெண்கள் 12 பேர். 234 பேர் உட்காரும் அவையில் இது 5 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது. மகளிர் தினத்தன்று ஆண்டுதோறும் யாராவது இந்த எண்ணை எடுத்துப் போட்டு வருத்தப்படுகிறார்கள். எண் ஒருபக்கம் இருக்கட்டும். அந்தப் பன்னிரண்டு தொகுதிகளின் பெயரை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம். குடியாத்தம், கிருஷ்ணராயபுரம், தாராபுரம், மானாமதுரை, மதுராந்தகம், நிலக்கோட்டை, ஏற்காடு, செங்கல்பட்டு, தூத்துக்குடி, மொடக்குறிச்சி, கோவை தெற்கு, விளவங்கோடு.

முதல் ஆறும் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிகள். ஏழாவதான ஏற்காடு பழங்குடியினருக்கானது. ஆக, 12 பேரில் 7 பேர் தனித் தொகுதியில் நின்று வந்தவர்கள். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் தனித் தொகுதிகள் 46தான். பட்டியல் சாதியினருக்கு 44, பழங்குடியினருக்கு 2. அந்த 46இல் 7 பெண்கள். மீதியுள்ள 188 பொதுத் தொகுதிகளில் 5 பெண்கள். விழுக்காட்டில் சொன்னால் அங்கே 15, இங்கே மூன்றுக்கும் குறைவு.

தற்செயல் என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. ஒரு பொதுத் தொகுதி காலியாகிறது என்றால் அதற்கு முன்பே உரிமை கொண்டாடிக்கொண்டு சிலர் காத்திருப்பார்கள். அந்த வட்டாரத்தில் எண்ணிக்கை அதிகமுள்ள சாதியின் பெரிய கை ஒருவர், போன தடவை சில ஆயிரம் வாக்குகளில் தோற்றவர் ஒருவர், கல்குவாரியோ கல்லூரியோ வைத்திருக்கும் செலவாளி ஒருவர், எல்லோருக்கும் மேலாக மாவட்டச் செயலாளர். அந்த இடத்தைப் பெண்ணுக்குக் கொடுத்தால் இவர்களில் ஒருவரையாவது பகைக்க வேண்டும். தனித் தொகுதியில் அந்தப் பகை இல்லை. அங்கே இவர்கள் யாரும் நிற்க முடியாது என்று சட்டமே சொல்லிவிட்டது. எப்படியும் தலித்துக்குத்தான் கொடுத்தாக வேண்டும் என்னும்போது தலித் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டால், பெண்களுக்கும் கொடுத்தோம் என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம். ஒரே காசில் இரண்டு கடன் அடைகிறது. பெண்களின் பங்குக்கான விலையைக் கட்டுகிறவர் தலித் ஆண். ஆதிக்க சாதி ஆணின் சட்டைப் பையில் யாரும் கை வைப்பதில்லை.

இப்படிச் சொல்வதால் அந்த ஏழு பேரின் வெற்றி சிறுத்துவிடாது. தாராபுரத்தில் கயல்விழி செல்வராஜ் தோற்கடித்தது பா.ஜ.க.வின் அப்போதைய மாநிலத் தலைவர் எல்.முருகனை, வித்தியாசம் 1,393 வாக்குகள். மானாமதுரையில் வென்ற தமிழரசி ஏற்கெனவே அமைச்சராக இருந்தவர். குறை அவர்களிடம் இல்லை, அவர்களை அங்கேயே நிறுத்திவிட்டு, பெண்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று கணக்கை மூடும் கட்சிகளிடம் இருக்கிறது.

இன்னொரு பழைய கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் 1937இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, மொத்த இடங்கள் 215. அவற்றில் 8 பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. வெள்ளைக்காரன் ஒதுக்கிய அந்தப் பங்கு ஏறக்குறைய 3.7 விழுக்காடு. 84 ஆண்டுகள் கழித்து, பெரியாரைப் படித்த, இரண்டு பெண் முதல்வர்களைக் கண்ட மாநிலம் வந்து நிற்கும் இடம் 5.1.

இத்தனைக்கும் சென்னை மாகாணம் இந்த விஷயத்தில் முந்திக்கொண்ட ஊர். இந்தியப் பெண்கள் சங்கம் 1917இல் அடையாற்றில்தான் தொடங்கியது. அந்த ஆண்டே சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921இல் சென்னை மாகாணச் சட்டசபை பெண்களுக்கு வாக்களிக்கும் உரிமை தந்தது. சொத்துத் தகுதி உண்டு என்பதால் பெற்றவர்கள் கொஞ்சம் பேர்தான். 1926இல் பெண்கள் வேட்பாளராக நிற்கவும் வழி பிறந்தவுடன் கமலாதேவி சட்டோபாத்யாய் மங்களூர்ப் பக்கம் நின்று நூலிழையில் தோற்றார். முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே போனார். போனவர் சட்டசபையின் துணைத் தலைவரும் ஆனார். காந்தி 1930இல் கைதானதும் பதவியை விட்டு வெளியேறினார். உள்ளே இருந்த கொஞ்ச காலத்தில் தேவதாசி ஒழிப்புக்கு அவர் போட்ட விதை 1947இல்தான் சட்டமாகக் காய்த்தது. 1937இல் காங்கிரஸ் சார்பில் வென்ற ருக்மிணி லட்சுமிபதி துணை சபாநாயகர். 1946இல் அவர் மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை போய் வந்த கணக்கும் அவருக்கு உண்டு.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. அன்றைய பெண்கள் அமைப்புகளே ஒதுக்கீடு வேண்டாம் என்றுதான் சொன்னன. சமத்துவம் போதும், சலுகை வேண்டாம் என்பது அவர்கள் வாதம். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டால் பெண்கள் தாமாகவே வந்துவிடுவார்கள் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். அரசியல் நிர்ணய சபையிலிருந்த பெண்களிடமும் அந்த நம்பிக்கை இருந்தது. 1974இல் பெண்களின் நிலை குறித்த குழு அறிக்கை தந்தபோதும் சட்டமன்ற ஒதுக்கீட்டைப் பெரும்பான்மையினர் ஏற்கவில்லை. வீணா மஜும்தார், லோதிகா சர்க்கார் போன்றோர் மட்டும் மாற்றுக் கருத்தை எழுதி வைத்தார்கள். ஒதுக்கீடு வேண்டாம் என்றவர்கள் வாக்காளரைக் கணக்கில் எடுத்தார்கள். கட்சி என்று ஒன்று நடுவில் வந்து உட்காரும் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

வாக்காளரிடம் குறையில்லை. 2021 தேர்தலுக்கு முன் வெளியான பட்டியலில் ஆண்கள் 3.08 கோடி, பெண்கள் 3.18 கோடி. ஏறக்குறைய 10 லட்சம் பேர் பெண்கள் பக்கம் அதிகம். கட்சிகளுக்கு இது மனப்பாடம். அந்தத் தேர்தலில் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஒருவர் அறிவித்தால் 1,500 ரூபாய் என்று எதிர்த்தரப்பு ஏலத்தை உயர்த்தியது. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது ஆட்சிக்கு வந்தவுடன் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று. அந்த ஆயிரம் ரூபாய், உரிமைத்தொகை என்ற பெயரில், 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்குக்குப் போகத் தொடங்கியது. இவற்றைக் குறைத்துப் பேச நான் தயாரில்லை. ஆயிரம் ரூபாயும் பேருந்துப் பயணமும் பல வீடுகளில் என்ன செய்திருக்கின்றன என்று அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனால் வாக்குக் கேட்க வாசலுக்கு வரும் கட்சி, வேட்பாளரைத் தேடி அந்த வாசலுக்கு வருவதில்லை.

வேட்பாளர் எங்கே உருவாகிறார்? பேச்சு வழக்கில் மா.செ., ஒ.செ., ந.செ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த நடுத்தட்டில்தான். மாவட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், நகரச் செயலாளர். கிளைக் கூட்டம் எங்கே நடக்கிறது, பூத்துக்கு யார் பாக முகவர், விருப்ப மனு போட்டவர்களில் யாரைப் பற்றி மேலே நல்ல வார்த்தை போகிறது எல்லாம் அங்கே தீர்மானமாகிறது. தலைமையகத்தில் நடக்கும் நேர்காணல் ஐந்து நிமிடச் சடங்கு. எவ்வளவு செலவு செய்வீர்கள் என்ற கேள்வி கட்டாயம் வரும். பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தில் கட்சிகள் சலுகை தருவதுண்டு. அந்தச் சில ஆயிரங்களில் சலுகை. அடுத்து வரும் கோடிகளில் யார் சலுகை தருவது?

தி.மு.க.வை எடுத்துக்கொள்வோம். அது கிளை முதல் தலைமை வரை முறையான உட்கட்சித் தேர்தல் நடத்தும் கட்சி. ஆகவே கணக்குப் பார்க்க வசதி. ஒவ்வொரு மட்டத்திலும் துணைச் செயலாளர் பதவி மூன்று: ஒன்று பொது, ஒன்று ஆதிதிராவிடர், ஒன்று மகளிர். பெண்ணுக்கென்று இடம் விதியிலேயே இருக்கிறது, பாராட்டலாம். ஆனால் அந்த இடத்தின் பெயரிலேயே ‘துணை’ என்று எழுதியாகிவிட்டது. செயலாளர் நாற்காலிக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. 2022 உட்கட்சித் தேர்தலில் எழுபதுக்கும் மேற்பட்ட மாவட்டச் செயலாளர்களில் பெண் ஒரே ஒருவர்: தூத்துக்குடி வடக்கின் கீதா ஜீவன். அவருடைய தந்தை என்.பெரியசாமி அதே மாவட்டத்தில் நெடுங்காலம் செயலாளராக இருந்தவர். மற்ற கட்சிகளில் நிலைமை இதைவிட மேல் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

மகளிர் அணி என்ற ஏற்பாட்டைப் பற்றிப் பேசாமல் இதைத் தாண்ட முடியாது. பொதுக்கூட்டத் திடலுக்குப் போனால் அதன் இலக்கணம் கண்ணுக்குத் தெரியும். மேடைக்கு எதிரே முதல் பத்து வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெண்கள். வேனில் வந்தவர்கள், ஒரே நிறத்தில் சேலை கட்டியவர்கள். தொலைக்காட்சிக் கேமரா முதலில் அவர்களைத்தான் காட்டும். தலைவர் வரும்போது ஆரத்தித் தட்டோடு நிற்பவர்கள் மகளிர் அணியினர். மேடையில் இரண்டாம் வரிசை ஓரத்தில் மகளிர் அணி அமைப்பாளருக்கு ஒரு நாற்காலி. பெண் தலைவர் யாராவது வந்தால் பொன்னாடை போர்த்த அவரைக் கூப்பிடுவார்கள். ஃபிளெக்ஸில் அவர் படம் அடிவரிசையில் அஞ்சல்தலை அளவுக்கு இருக்கும். ‘முன்னிலை’ என்று போட்டு ஒன்பது பேர், ‘வரவேற்புரை’ என்று போட்டு மூன்று பேர், கடைசியில் ‘நன்றியுரை’ அவருடையது. கூட்டம் பாதி கலைந்தபின் யாருக்கும் கேட்காமல் சொல்லப்படும் அந்த நன்றியுரையைப் போல் எங்கள் கட்சி அரசியலில் பெண்ணின் இடத்தைக் காட்டும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இளைஞர் அணியும் ஓர் அணிதான். ஆனால் அது கூடத்துக்குள் திறக்கும் கதவு. அங்கே பொறுப்பிலிருந்தவர்கள் மா.செ. ஆவார்கள், அமைச்சர் ஆவார்கள், அதற்கு மேலும் ஆவார்கள். மகளிர் அணியில் இருபது ஆண்டு உழைத்தவருக்கு அடுத்த படி பெரும்பாலும் மகளிர் அணியின் இன்னொரு பதவி. விதிவிலக்குகள் உண்டு. பா.ஜ.க.வின் தேசிய மகளிர் அணித் தலைவராக இருந்துகொண்டே வானதி சீனிவாசன் கோவை தெற்கில் கமல்ஹாசனை 1,728 வாக்கில் வென்றார். மாநில மகளிர் காங்கிரஸ் தலைவராக இருந்த சுதா 2024இல் மயிலாடுதுறையின் மக்களவை உறுப்பினரானார். விதிவிலக்கைப் பெயர் சொல்லி எண்ணிவிட முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இடதுசாரிகள் இங்கே தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். மதுரை கிழக்கில் 1967இல் கே.பி.ஜானகி அம்மாள், திருவெறும்பூரில் 1989இல் பாப்பா உமாநாத், திண்டுக்கல்லில் 2001 முதல் மூன்று முறை பாலபாரதி என்று மார்க்சிஸ்ட் கட்சிக்குச் சொல்லிக்கொள்ளும்படி வரிசை இருக்கிறது. சிறையும் தலைமறைவும் பார்த்த வரிசை. ஆனால் 1964இல் பிறந்த அக்கட்சியின் அரசியல் தலைமைக் குழுவுக்குள் முதல் பெண் நுழைய 41 ஆண்டு ஆனது. 2005இல் பிருந்தா காரத். தமிழ்நாட்டிலிருந்து உ.வாசுகி அங்கே போய்ச் சேர்ந்தது 2025இல், மதுரை மாநாட்டில்.

அதே மதுரையில், வில்லாபுரத்தில், லீலாவதி என்ற பெயரை இன்றும் சொல்கிறார்கள். 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்களுக்குப் பின் தமிழ்நாட்டில் 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு. அந்த அலையில் மாநகராட்சிக்குள் வந்தவர் அவர், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். வில்லாபுரத்தின் தலையாய பிரச்சினை தண்ணீர். குழாய் வராத இடத்தில் லாரித் தண்ணீர் வியாபாரம். குடம் கணக்கில் காசு. காசு எடுத்தவர்களுக்குக் கட்சிக் கொடியும் அடியாளும் உண்டு. குழாய்த் தண்ணீரைக் கொண்டுவரப் பிடிவாதமாக நின்றார் லீலாவதி, கொண்டும் வந்தார். 1997 ஏப்ரல் 23 காலையில், வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், பலர் பார்க்க வெட்டிக் கொல்லப்பட்டார். பதவிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கவுன்சிலர் பதவியைப் பெண்ணுக்குக் கொடுத்தால் வீட்டுக்காரர்தான் ஆட்டிவைப்பார், அது பொம்மைப் பதவி என்று பேசுகிறவர்கள் இந்தக் கொலையை எங்கே வைப்பார்கள் என்று எனக்குப் புரிந்ததில்லை. பொம்மையை யாரும் வெட்டுவதில்லை.

வீட்டுக்காரர் ஆதிக்கம் பொய் என்று சொல்லவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் ‘தலைவர் இருக்காரா’ என்று கேட்டால் தலைவியின் கணவரைக் காட்டும் ஊர்கள் ஏராளம். சில இடங்களில் தடை கணவரும் அல்ல. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊரில் துணைத் தலைவர் ஆதிக்க சாதிக்காரராக இருப்பார். அவர் பேனாவை எடுக்கவில்லை என்றால் தெருவிளக்கு பல்புகூட வாங்க முடியாது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பட்டியல் சாதிப் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் 2020 அக்டோபரில் வெளியானது. படம் வெளியே வந்ததால் வழக்கும் கைதும் வந்தன. நாற்காலிக்காகத் தனி ஒதுக்கீடு, நாற்காலியிலேயே உட்கார முடியாத தலைவர். ஒதுக்கீடு பதவியைத் தருகிறது. ஊர் அதை அங்கீகரிக்கக் கட்சியும் அரசும் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் இந்த உள்ளாட்சிப் பள்ளிக்கூடம் வீண் போகவில்லை. 2016இல் ஒதுக்கீடு 50 விழுக்காடானது. 2022 பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல் முடிந்தபோது 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவி பெண்களுக்கு. சென்னையின் 200 வார்டுகளில் பாதிக்கு மேல் பெண்கள். வட சென்னையிலிருந்து வந்த ஆர்.பிரியா 28 வயதில் மேயர். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் மூன்றாமவர், தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் பெண். கரூர் எம்.பி. ஜோதிமணி தொடங்கியதும் இங்கேதான். 1996இல் க.பரமத்தி ஒன்றியக் கவுன்சிலர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கிராமத்துப் பெண், பின்னால் அப்பனோ அண்ணனோ இல்லை. அங்கிருந்து மக்களவைக்குப் போக 23 ஆண்டு. இடையில் தோல்விகள். அரசியல் குடும்பத்தில் பிறந்த மகளுக்கு இந்த 23 ஆண்டு வேண்டியதில்லை என்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மகன்களுக்கும்தான் வேண்டியதில்லை.

ஜெயலலிதாவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இந்தக் கட்டுரை எப்படி நகரும் என்று வாசகர் கேட்கலாம். 1988 ஜனவரியில் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி 24 நாள் முதல்வராக இருந்தார். 1991இல் ஜெயலலிதா வந்தார். அந்தத் தேர்தலில் சட்டமன்றத்துக்கு வந்த பெண்கள் 32 பேர், அதுவரை இல்லாத எண்ணிக்கை. மகளிர் காவல் நிலையங்கள் வந்தன, தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. ஆனால் ஏறக்குறைய 30 ஆண்டு ஒரு பெண்ணின் சொல்லுக்கு மறுசொல் இல்லாத கட்சியில், மாவட்டங்களை ஆண்டவர்கள் ஆண்கள். அவர் முன் இடுப்பை வளைத்து நின்றவர்கள் தங்கள் மாவட்டத்துக்குத் திரும்பியதும் நிமிர்ந்துகொண்டார்கள். உச்சியில் ஒரு பெண் இருப்பது வேறு, நடுத்தட்டில் நூறு பெண்கள் இருப்பது வேறு. அவர் ‘அம்மா’ ஆனதும் அதன் ஒரு பகுதிதான். ஆண் தலைவர் அண்ணனாகலாம், தளபதியாகலாம், ஒன்றுமாகாமல் வெறும் தலைவராகவும் இருக்கலாம். பெண் தலைவருக்குக் கடைசியில் தாய்மை என்ற சீருடையைத்தான் கட்சிக்காரர்கள் தைத்து வைத்திருந்தார்கள். 2016இல் 21 பெண்கள் வென்றார்கள். அவர் இல்லாத அடுத்த தேர்தலில் அது 12.

எனக்கு ஜெயலலிதாவைவிடச் சத்தியவாணி முத்துவின் கதை இந்தக் கேள்விக்கு அதிகம் பயன்படுகிறது. 1923இல் சென்னையில் பிறந்தவர், தி.மு.க.வின் தொடக்க காலத்திலிருந்தே உழைத்தவர். அக்கட்சி முதன்முதலாகத் தேர்தலில் நின்ற 1957இல் பெரம்பூரில் வென்று அண்ணாவோடு அவைக்குள் போனார். 1962இல் தோற்றார், 1967இலும் 1971இலும் வென்றார். அண்ணா அமைச்சரவையிலும் கருணாநிதி அமைச்சரவையிலும் இடம்பெற்றார். 1974இல், தாழ்த்தப்பட்டோரைக் கட்சி கைவிட்டுவிட்டது என்று சொல்லி வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டார். கட்சியை விட்டுப் போன பெண்கள் அதற்கு முன்பும் உண்டு. தனிக்கட்சி கண்ட பெண் யார் இருந்தார்? அந்தக் கட்சி நிலைக்கவில்லை, 1977இல் அ.தி.மு.க.வில் கரைந்தது. 1979இல் சரண்சிங் அமைச்சரவையில் அவரும் பாலா பழனூரும் இடம்பெற்றபோது, மத்திய அமைச்சரவையில் திராவிடக் கட்சியின் முதல் காலடி அதுவாக இருந்தது. டெல்லியில் பின்னாளில் திராவிடக் கட்சிகள் அமைச்சர் பதவி பேரம் பேசிய எத்தனையோ கதைகளைக் கேட்டிருக்கிறோம். முதலில் போனவர்களில் ஒருவர் தலித் பெண் என்பது அந்தக் கதைகளில் வருவதில்லை.

மொடக்குறிச்சியும் ஒரு தனிக்கதை. 1996இல் விவசாயிகள் தங்கள் கோரிக்கையைக் காட்ட ஆளாளுக்கு வேட்புமனு போட, 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகமாகிவிட்டது. அந்தப் புத்தகத்துக்குள் தன் சின்னத்தைத் தேடவைத்து வென்றவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். எம்.ஜி.ஆரின் முதல் அமைச்சரவையில் இருந்தவர், பிறகு தி.மு.க.வுக்கு வந்தவர், தடா சட்டத்தில் சிறை சென்றவர், 2004இல் திருச்செங்கோட்டில் எடப்பாடி பழனிசாமியைத் தோற்கடித்து மத்திய இணை அமைச்சரானவர். 2021இல் அதே மொடக்குறிச்சியில் பா.ஜ.க.வின் சி.சரஸ்வதியிடம் 281 வாக்குகளில் தோற்றார். ஒரு பொதுத் தொகுதியில் இரண்டு பெரிய அணிகளும் பெண்ணை நிறுத்தின. யார் தோற்றாலும் ஒரு பெண் வருவார். இப்படியும் நடக்கும் என்பதற்கு இருந்த ஒரு சான்றை அடுத்த ஆண்டே இழந்தோம்: கட்சியின் துணைப் பொதுச்செயலாளராக இருந்த அவர் 2022இல் பதவியை விட்டு ஒதுங்கினார்.

சரியான பெண் வேட்பாளர் கிடைப்பதில்லை என்பது கட்சிகள் ஆயத்தமாக வைத்திருக்கும் பதில். நாம் தமிழர் கட்சி 2021இல் 234 இடங்களில் 117 பெண்களை நிறுத்தியது; அதற்கு முன் 2019 மக்களவைத் தேர்தலில் 20 ஆண்கள், 20 பெண்கள். அக்கட்சியின் பேச்சோடு எனக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகாது. வெல்ல வாய்ப்பில்லாத கட்சிக்குச் சமத்துவம் மலிவாகக் கிடைக்கிறது என்றும் சொல்லலாம், யாரும் வெல்லவில்லை. ஆனால் ஒரு கட்சிக்கு 117 பேர் கிடைத்தார்கள் என்றால் ஆள் இல்லை என்ற பதில் செத்துப்போய்விட்டது.

வெல்லும் கட்சிகள் செய்து காட்டியதும் உண்டு. ஒடிசாவில் நவீன் பட்நாயக் 2019 மார்ச்சில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, மக்களவைக்கு மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று அறிவித்தார். 21 இடங்களில் 7 பேர்; 5 பேர் வென்றார்கள். அஸ்கா தொகுதியில் நின்றவர் பிரமிளா பிசோய், சுய உதவிக் குழு நடத்தி வந்த எழுபது வயதுப் பெண். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசம். மேற்கு வங்கத்தில் அதே தேர்தலில் மம்தாவின் கட்சி 42இல் 17 பேரை நிறுத்தியது. சட்டம் எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு தலைவர் ஒரு நாள் காலையில் முடிவெடுத்தார், அவ்வளவே. அதே காரணத்தால் அடுத்த தலைவர் இன்னொரு காலையில் அதை மாற்றிவிடவும் முடியும். 2024இல் நாடு முழுவதும் நின்ற வேட்பாளர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. வென்றவர்கள் 543இல் 74. முந்தைய முறை 78.

தமிழ்நாட்டின் 39இல் அப்போது 5 பெண்கள்: கனிமொழி, தமிழச்சி தங்கபாண்டியன், ராணி ஸ்ரீகுமார், ஜோதிமணி, சுதா. சட்டமன்றத்தைவிட இது மேல், 13 விழுக்காடு. ஐவரில் தென்காசி மட்டுமே தனித் தொகுதி. சட்டமன்றத்தில் பார்த்த சூத்திரம் இங்கே ஏன் பொருந்தவில்லை? மக்களவைத் தொகுதி ஆறு சட்டமன்றத் தொகுதிகளை உள்ளடக்கியது, ஒரு மா.செ.வின் கைக்குள் அது முழுதாக அடங்காது. அந்தப் பட்டியலை மேலிடம் எழுதுகிறது. டெல்லிக்குப் போகிறவர் மாவட்டத்துக்குள் வந்து ஒப்பந்தம், நியமனம் என்று தலையிட மாட்டார் என்ற நிம்மதியும் இருக்கும். இது என் ஊகம். ஆனால் பெண்ணை டெல்லிக்கு அனுப்பத் தயங்காத கட்சி கோட்டைக்கு அனுப்பத் தயங்குவதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நாடாளுமன்றம் 1996 செப்டம்பரில் முதன்முதலாகப் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் மசோதாவைப் பார்த்தது, தேவகவுடா காலத்தில். கீதா முகர்ஜி தலைமையில் கூட்டுக்குழு. கிழிபட்ட நகல்கள், கூச்சல், காலாவதி. 2010 மார்ச் 9இல் மாநிலங்களவையில் நிறைவேறி மக்களவை வாசலில் கிடந்து செத்தது. 2023 செப்டம்பரில் 106ஆவது திருத்தமாக இரு அவைகளிலும் நிறைவேறியது. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. ஆனால் சட்டத்துக்குப் பின் எடுக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன்பின் தொகுதி மறுவரையறை என்ற இரண்டு பூட்டுகளை அதிலேயே மாட்டிவைத்தார்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதால் மறுவரையறையில் இடங்களை இழப்போமோ என்று அஞ்சும் தமிழ்நாட்டுக்கு இது சங்கடமான முடிச்சு. பெண்களின் பங்கு வேண்டும் என்றால் மாநிலத்தின் பங்கை அடகு வைக்க வேண்டுமா என்று இங்குள்ள கட்சிகள் கேட்கின்றன. கேட்க வேண்டிய கேள்விதான். கேட்கிற கட்சிகளை எந்தச் சட்டமும் இத்தனை காலமும் தடுத்து வைக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

அந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு கூறு இருக்கிறது. தனித் தொகுதிகளில் மூன்றில் ஒன்று தலித், பழங்குடிப் பெண்களுக்கு. அதையும் உள்ளடக்கி மொத்தத்தில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு. ஒரே காசில் இரண்டு கடன் அடைக்கும் வித்தை இதில் நடக்காது. இன்றுள்ள 234 தொகுதிக் கணக்கை வைத்தே போட்டுப் பார்ப்போம். பெண்களுக்கு 78. அதில் தனித் தொகுதிகள் பதினைந்து, பதினாறு. மீதி ஏறக்குறைய 62 பொதுத் தொகுதிகளிலிருந்து வர வேண்டும். 2021இல் அங்கே இருந்தவர்கள் 5 பேர். அப்படியென்றால் ஏறக்குறைய 57 ஆண்கள் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். அவர்களில் பலர் மாவட்டச் செயலாளர்கள்.